வாலை நம்பாதே

'லி' என்று முடிந்தால் வினையடை, முடியாவிட்டால் பெயரடை. ஆங்கில இலக்கணத்தில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சூத்திரம் இது. கோடிட்ட இடத்தை நிரப்ப இது போதும். ஆனால் வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதை நம்பி 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று ஒருவன் சொன்னால், கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். கடுமையாக உழைப்பவனுக்கு வெறும் 'ஹார்ட்' தான். 'லேட்' டும் அப்படித்தான். 'லேட்லி' வந்தான் என்றால் தாமதமாக வந்தான் என்று ஆகாது. 'லேட்லி' என்பது சமீப காலமாக.

இந்தக் குளறுபடியின் வேருக்கு ஆயிரம் வயது. பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் கடைசியில் ஓர் 'எ' சேர்த்தால் வினையடை வந்துவிடும். நம் 'அழகான', 'அழகாக' மாதிரி வித்தியாசம் காதிலேயே விழும். நாளடைவில் அந்த 'எ' தேய்ந்து காணாமல் போனது. 'ஹார்ட்' டில் பெயரடையும் வினையடையும் ஒரே சொல்லாகிவிட்டன. இன்னொரு பக்கம், 'லீச்' என்று முடிந்த பெயரடைகளும், அவற்றோடு 'எ' சேர்ந்த 'லீச்செ' வினையடைகளும் இருந்தன. இரண்டும் தேய்ந்து 'லி' ஆயின. அதனால்தான் 'ஸ்லோலி' வினையடையாகவும் 'ஃப்ரெண்ட்லி' பெயரடையாகவும் இருக்கின்றன.

18-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1762-இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத், பிற்பாடு லண்டன் பிஷப் ஆனவர், பெயரடையை வினையடையாக வைப்பது முறையல்ல என்றார். ஷேக்ஸ்பியரும் அவரிடம் தப்பவில்லை. அந்தக் கண்டிப்பு இன்னும் ஓயவில்லை. 1997-இல் ஆப்பிள் நிறுவனம் 'திங்க் டிஃபரண்ட்' என்று விளம்பரம் செய்தபோது, 'டிஃபரண்ட்லி' அல்லவா சரி என்று பலர் பிடித்துக்கொண்டார்கள். மலைப்பாதை வளைவில் 'கோ ஸ்லோ' பலகையைப் பார்த்தும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டியதில்லை, 'ஸ்லோ' அங்கே நல்ல வினையடைதான்.

என்னைக் கேட்டால், வாலைப் பார்க்காமல் சொல் எதைத் தழுவுகிறது என்று பார்ப்பதே மேல். 'தி ஃபிஷ் ஸ்மெல்ஸ் பேட்' என்பதில் 'பேட்' மீனைத்தான் சொல்கிறது, முகர்வதை அல்ல. அங்கே 'பேட்லி' போட்டால் மீனுக்கு மோப்ப சக்தி குறைவு என்றாகிவிடும்.

'ஃப்ரெண்ட்லி' யை வினையடையாக்க வழி உண்டா? 'ஃப்ரெண்ட்லிலி' என்று ஒரு சொல் அகராதியில் இருக்கிறது. ஆங்கிலேயர்களே அதைச் சொல்வதில்லை, 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றி வளைத்துப் போய்விடுகிறார்கள்.