பட்டுக்கு உள்ள பக்குவம் முகத்துக்கு வேண்டாமா?

காஞ்சீபுரத்தில் முகூர்த்த மாதம் வந்தால் காந்தி ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. பட்டுக்கடை படி இறங்கும் கூட்டம், அப்படியே ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைகிறது. வளையல், ஸ்டிக்கர் பொட்டு, கூடவே ஒரு "பிளீச்" கிரீம்.

மேல் உதட்டிலும் தாடையிலும் கையிலும் இருக்கும் பூனைமுடியை வெளுக்க வைக்கும் சரக்கு இது. முடி உதிராது. கறுப்பு மட்டும் போகும். சில வாரங்களில் அடியிலிருந்து மறுபடியும் கறுப்பாகவே வளரும்.

பூசக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அது அவரவர் இஷ்டம். ஆனால் வீட்டில் பூசுகிற விதம் இருக்கிறதே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது!

பட்டறையில் கேளுங்கள்

பிளீச் கிரீமில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. கூடவே அமோனியா போன்ற காரம் சேரும். காரம் முடியின் மேல் செதிலைத் திறந்துவிடும். பெராக்சைடு உள்ளே புகுந்து கறுப்பை அழிக்கும்.

பட்டு நூலை வெள்ளை வெளேர் என்று ஆக்கவும் இதே பெராக்சைடு உதவுகிறது. பட்டும் புரதம், முடியும் புரதம். சாயப்பட்டறைக்காரரைக் கேட்டால் சொல்வார். சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி முதலில் பசையை எடுக்க வேண்டும். அதிலேயே எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அப்புறம் வெளுக்கும்போது சூடு, அளவு, நேரம் மூன்றிலும் கண் வேண்டும். மிஞ்சினால் நூல் இற்றுப்போகும். இற்ற நூலைத் தறியில் ஏற்ற முடியுமா?

நூலுக்கு இத்தனை காவல். பெற்ற மகள் முகத்துக்கு?

"அம்மா, எரியுது!"

"பொறுத்துக்கோடி. எரிஞ்சாத்தான் வெளுக்கும்."

சுத்தத் தப்பு! எரிந்தால் அந்த நிமிடமே பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். டப்பாவில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 10 நிமிடம்தான். சீரியல் முடியட்டும் என்று உட்காரக் கூடாது. நம் ஊர்த் தோல் மாநிறத் தோல். வெந்தால் சிவந்து ஆறுவதோடு விடாது, கறுத்துப் போகும். மறைய மாதக்கணக்கில் ஆகும். மீசையை மறைக்கப் போய், மீசை இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை!

முதலில் முழங்கை உள்பக்கம் ஒரு பொட்டு அளவு வைத்துக் கழுவிவிட்டு, 2 நாள் பார்க்க வேண்டும். அரிப்பு, தடிப்பு இல்லை என்றால்தான் முகத்துக்கு. நாளைக்கு பெண் பார்க்க வருகிறார்கள் என்று இன்றைக்கு ராத்திரி டப்பாவைப் பிரித்தால், அந்த 2 நாளுக்கு எங்கே போவது?

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சாக்கடையில் தூவுகிறார்களே பிளீச்சிங் பவுடர், அது வேறு. அதில் இருப்பது குளோரின் சரக்கு. அதற்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதில் அமோனியா பட்டால் விஷவாயு கிளம்பும். மருந்துக்கடையில் "20 வால்யூம்" என்று தருவது 6 சதவீத பெராக்சைடு. அதை வாங்கி வந்து கண் மதிப்பில் அமோனியா ஊற்றிக் கலப்பதும் ஆபத்து. கிரீமாகவே வாங்கினாலும் கலந்து மிச்சமானதை மூடி வைக்காதீர்கள். வாயு சேர்ந்து டப்பா வெடிக்கும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் விலாசம், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும் என்பது சட்டம். லேபிள் இல்லாத சரக்கை 20 ரூபாய் லாபத்துக்காக ஒரு பெண்ணின் கையில் கொடுக்காதீர்கள்.

யார் சொன்னது அசிங்கம் என்று?

இத்தனை அவசரமும் எதற்கு? வருகிற மாப்பிள்ளை வீட்டு அத்தை, "பொண்ணுக்கு லேசா மீசை இருக்கும் போல" என்று ஒரு வார்த்தை விடுவார். அதற்குப் பயந்துதான். அந்த அத்தைக்கும் இருக்கும், வெளிச்சத்தில் நின்றால் தெரியும்!

2024 ஏப்ரலில் உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. 600க்கு 591 மார்க் எடுத்து மாநிலத்திலேயே முதலாக வந்தாள் ஒரு மாணவி. பத்திரிகையில் படம் வந்தது. மார்க்கை விட்டுவிட்டு, உதட்டுக்கு மேல் இருந்த முடியைக் கேலி செய்தார்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை! ஆதரவாகவும் ஆயிரக்கணக்கானவர்கள் பேசினார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

கேலி பேசுகிறவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மெல்லிய பூனைமுடி எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். ஆனால் தாடையில் தடித்த முடி புதிதாக முளைத்து, மாதவிலக்கும் தள்ளிப் போனால், அது சினைப்பைக் கோளாறாக இருக்கலாம். பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். ஏறத்தாழ பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. பிளீச் போட்டால் அடையாளம் மறையும், கோளாறு மறையாது. கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் சர்க்கரை வியாதி வர வாய்ப்பு கூடுகிறது.

கல்யாணம் ஆகாத பெண்ணை லேடி டாக்டரிடம் அழைத்துப் போனால் ஊர் என்ன பேசும் என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டால் போதும். போகும்போது கடைசி ஆறு மாதத்தில் மாதவிலக்கு வந்த தேதிகளை ஒரு காகிதத்தில் குறித்து எடுத்துப் போங்கள். டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.