எந்தக் கணினியில் எந்தக் கணக்கு: எங்கள் நிலைப்பாடு

அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மின்களின் சங்கம் நாங்கள். எங்கள் உறுப்பினர்களிடமும் அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனங்களிடமும் இரண்டு விஷயங்களைக் கேட்கிறோம். சம்பளம், கணக்கு, நோயாளி விவரம், பணியாளர் கோப்பு ஆகியவை இருக்கும் கணினிகளில், அந்த வேலைக்கு உரியவர்களின் கணக்குகள் மட்டுமே உள்நுழைய முடிய வேண்டும். நெட்வொர்க் முழுவதையும் ஆளும் டொமைன் அட்மின் கணக்கு, சாதாரண மேசைக் கணினி எதிலும் உள்நுழையவே கூடாது.

இன்று பல அலுவலகங்களில் இருக்கும் நிலை நிர்வாகத்துக்கே தெரிவதில்லை. விண்டோஸ் கணினியை டொமைனில் சேர்த்ததும் ‘டொமைன் யூசர்ஸ்’ குழு மொத்தமும் அந்தக் கணினியின் ‘யூசர்ஸ்’ குழுவுக்குள் தானாக வந்துவிடுகிறது. அந்தக் குழுவுக்கு, கணினி முன் உட்கார்ந்து உள்நுழையும் உரிமை ஆரம்பத்திலிருந்தே உண்டு. நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளர்கூடத் தன் சொந்த பாஸ்வேர்டை வைத்தே கணக்குப் பிரிவின் கணினியைத் திறந்துவிடலாம். அடுத்தவரின் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் அவருக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் அலுவலகங்களில் முக்கியமான கோப்புகள் அங்கேயா இருக்கின்றன? டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, டாலி தரவையும் பழைய சம்பளப் பட்டியலையும் அதில்தான் வைக்கிறார்கள். தனியாக அனுமதி மாற்றாவிட்டால் அந்த ஃபோல்டர் உள்ளே வரும் எல்லோருக்கும் திறக்கும்.

அட்மின் கணக்கைப் பற்றிய கோரிக்கை இதைவிட அவசரமானது. பிரிண்டர் டிரைவர் போட வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள், போகிறோம், டொமைன் அட்மின் கணக்கில் நுழைந்து வேலையை முடித்துவிட்டு வருகிறோம். நாங்களே ஆண்டுக்கணக்கில் செய்து வந்த தவறு இது. அப்படி நுழைந்தால், பாஸ்வேர்டுக்கு ஈடான அடையாளத் தகவல் அந்தக் கணினியின் நினைவகத்தில் தங்குகிறது. அங்கே ஏற்கெனவே தீநிரல் ஒன்று குடியிருந்தால், அதை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த கணினிகளுக்குப் போக அதற்கு வேறு சாவி தேவையில்லை. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நுழைந்த நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியது இப்படியும்தான். விண்டோஸின் ஒரு பழைய ஓட்டையையும் அது பயன்படுத்தியது. ஆனால் அந்த ஓட்டையை அடைத்து வைத்திருந்த கணினிகளிலும் அது நுழைய முடிந்ததற்கு, நினைவகத்திலிருந்து திருடிய அடையாளங்களே காரணம். மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் மட்டும் 20 முதல் 30 கோடி டாலர் இழப்பு என்று கணக்கிட்டது.

இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. பயனர் கணக்கின் பண்புகளிலேயே எந்தெந்தக் கணினியில் நுழையலாம் என்று பட்டியல் போடும் வசதி உண்டு. பத்துப் பேர் அலுவலகத்துக்கு அது போதும். அதற்கு மேல் போனால் கணினியின் பக்கத்திலிருந்து பூட்டுவதையே பரிந்துரைக்கிறோம். கணக்குப் பிரிவுக்கு ஒரு குழு உருவாக்கி, குரூப் பாலிசியில் ‘அலவ் லாக் ஆன் லோக்கலி’ உரிமையை அந்தக் குழுவுக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கும் மட்டும் கொடுத்தால் போதும். டொமைன் அட்மின்ஸ் குழுவை ‘டினை லாக் ஆன் லோக்கலி’யில் சேர்க்க வேண்டும், மேசைக் கணினி வேலைக்கென்று அட்மின்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைவதற்கு வேறு உரிமை இருக்கிறது. அதையும் அடைக்காவிட்டால் முன்வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

ஒரு எச்சரிக்கை. டினை எப்போதும் அலவை வெல்லும். ‘மற்ற யாரும் வரக் கூடாது’ என்று டொமைன் யூசர்ஸ் குழுவையே டினையில் போட்டால், கணக்குப் பிரிவினர் மட்டுமல்ல, அட்மின்களும் வெளியே நிற்பார்கள், ஏனென்றால் அவர்களும் அந்தக் குழுவின் உறுப்பினர்களே. எங்களில் ஒருவர் ஒரு திங்கட்கிழமைக் காலையை இப்படி இழந்திருக்கிறார். முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டுப் பாருங்கள்.

ஊழியர்களைச் சந்தேகிக்கும் ஏற்பாடு இது என்ற வருத்தத்தைப் பல இடங்களில் கேட்டோம். அதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கு ஒரே கணினி என்று எல்லோரையும் கட்டிப்போடுவதை நாங்கள் எதிர்க்கிறோம். மருத்துவமனை வார்டில் மூன்று ஷிப்ட் செவிலியர்கள் ஒரே கணினியைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வார்டின் குழு முழுவதற்கும் அங்கே அனுமதி இருக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால், ‘ரிசப்ஷன்’ என்று ஒரு பொதுக் கணக்கு முளைக்கும். அதன் பாஸ்வேர்ட் கீபோர்டுக்கு அடியில் துண்டுச் சீட்டில் இருக்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதப் பதிவிலும் ‘ரிசப்ஷன்’ என்ற ஒரே பெயர் வந்துகொண்டிருந்தால், தவறு செய்தவரைக் கண்டுபிடிக்க முடியாது. செய்யாதவர் தான் செய்யவில்லை என்று நிரூபிக்கவும் முடியாது. சந்தேகம் வரும்போது மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் அந்த மேசையில் இருக்கும் கடைநிலை ஊழியர்தான். அவருக்காகவும் பேசுகிறோம்.

உள்நுழைவுப் பதிவை வருகைக் கண்காணிப்புக்கோ சம்பளப் பிடித்தத்துக்கோ பயன்படுத்துவதை நாங்கள் ஏற்க மாட்டோம். அனுமதி மறுக்கப்பட்டவர் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அந்தந்தப் பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கேட்டால் அன்றைக்கே பதில் வர வேண்டும்.

இந்தக் குழுக்கள் பழுதாவது ஆட்கள் மாறும்போதுதான். கொள்முதலுக்கு மாற்றப்பட்டவர் இரண்டு ஆண்டு கழித்தும் கணக்குப் பிரிவின் குழுவிலேயே இருப்பார். அவருக்கே அது தெரியாது. அதனால் நிர்வாகங்களிடம் நாங்கள் முதலில் கேட்பது மிக எளிமையானது: இடமாறுதல் ஆணையிலும் பணி விடுவிப்பு ஆணையிலும் ‘நகல்’ என்ற வரிக்குக் கீழே, சம்பளப் பிரிவோடு சிஸ்டம் பிரிவையும் சேர்த்துவிடுங்கள்.