ஞாயிறு காலை 6 மணிக்கு ஆரம்பிக்கிற லீவு!

தோழர்களே, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் வேலை தேடிப் போற பசங்ககிட்ட இன்டர்வியூல தவறாம கேட்கிற கேள்வி, "ரொட்டேஷனல் ஷிப்ட் ஓகேவா?" ஓகேன்னுதான் சொல்லுவோம். வேற என்ன சொல்ல முடியும்?

வாரத்துக்கு ஒரு ஷிப்ட். நைட் முடிச்சு ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியே வர்றவர், திங்கள் காலை 6 மணிக்கு ஏ ஷிப்ட்ல நிக்கணும். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க 4 மணிக்கே எழுந்திருக்கணும். ஆனா கணக்குப்படி அவருக்கு வார விடுமுறை கொடுத்தாச்சு! நள்ளிரவைத் தாண்டுற ஷிப்ட்டா இருந்தா, அது முடிஞ்ச நேரத்திலிருந்து 24 மணி நேரம்தான் விடுமுறை. சட்டமே அப்படித்தான் இருக்கு. அதுல பாதி தூக்கத்துலயே போயிடும்.

நைட்டிலிருந்து காலை ஷிப்ட்டுக்கு மாத்தும்போது 48 மணி நேர ஓய்வு வேண்டும். இதுதான் நம் கோரிக்கை. 2023-ல் 12 மணி நேர வேலை மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிய பிறகும், எதிர்ப்புக்குப் பணிந்து வாபஸ் ஆனது. இதையும் மாத்த வைப்போம்.

அதுவரைக்கும், எந்தத் தேதி எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரம் ஓ.டி.ன்னு டைரியில எழுதி வைங்க (போனைத்தான் கேட்லயே வாங்கி வச்சிடுறாங்களே!). ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அதேதான். பே ஸ்லிப்போட ஒத்துப் பாருங்க.