மரணம் மனு போட்டுவிட்டு வருவதில்லை!

உழைக்கும் மலேசியத் தமிழர்களே,

சில ஆண்டுகளுக்கு முன் லாரி ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் கையில் ஒரு கடிதத்துடன் என் அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய தாயார் காலமாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தோட்டம் மூடப்பட்ட பிறகு குடும்பம் மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறியிருந்தது. ஒரே மாதிரி எட்டுக் கட்டடங்கள். பேராக்கிலிருந்து வாடகை வேனில் வரும் வயதான உறவினர்களுக்கு வழி தெரிய வேண்டுமே என்று அவருடைய மகன் ஐந்து அட்டைகளில் பாட்டியின் பெயரையும் அம்புக்குறியையும் கைப்பேசி எண்ணையும் எழுதிச் சாலைச் சந்திப்புகளில் கட்டினான்.

மறுநாள் காலை ஓர் அட்டைகூட இல்லை. ஊராட்சி மன்ற அமலாக்கப் பிரிவினர் அகற்றிவிட்டார்கள். நல்லுடலை எடுக்கும் நேரத்திற்கு வேன் வந்து சேரவில்லை. இறந்தவரின் சொந்தத் தங்கை கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போய்விட்டது. அட்டையில் இருந்த எண்ணை வைத்து, பிறகு வந்ததுதான் அந்தக் கடிதம். அனுமதியின்றி விளம்பரம் வைத்ததற்குக் கொம்பவுன்!

"சார், எங்கம்மா செத்தது விளம்பரமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 102ஆவது பிரிவு, துணைச்சட்டங்கள் இயற்றும் அதிகாரத்தை மன்றங்களுக்குத் தருகிறது. அவற்றை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க 104ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. பல மன்றங்களின் விளம்பரத் துணைச்சட்டங்களில் 'விளம்பரம்' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள பொருள் மிக அகலமானது. வியாபாரி தொங்கவிடும் பேனரும் சாவு வீட்டு அட்டையும் ஒரே வலையில் விழுகின்றன.

அனுமதி கேட்கப் போனால் பாரம், இடத்தைக் காட்டும் வரைபடம், கட்டணம், டெபாசிட் என்று பட்டியல் நீள்கிறது. மன்றத்துக்கு மன்றம் விதியும் வேறுபடுகிறது. திருமணத்திற்கும் கோயில் திருவிழாவிற்கும் முன்கூட்டியே மனு போடலாம். மரணத்திற்கு எப்படிப் போடுவது? சனிக்கிழமை இரவு உயிர் பிரிந்து ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்பவர் எந்த முகப்பிடத்தின் முன் போய் நிற்பது?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாலை வளைவில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் பலகையால் உயிர் போகலாம். மரத்தில் ஆணி அடிப்பதும், போக்குவரத்துச் சின்னத்தின் மேல் அட்டையை ஒட்டுவதும், விசேஷம் முடிந்து மாதக் கணக்கில் கழற்றாமல் விடுவதும் நம்மவர்கள் செய்கிற தவறுகளே. அதை மூடி மறைக்க வேண்டாம்.

ஆனால் அந்த அட்டை அகற்றப்பட்ட அதே கம்பத்தில் ஆலோங்குகளின் கடன் விளம்பரம் அப்படியே ஒட்டியிருந்தது! அதிலும் கைப்பேசி எண் இருந்தது. அந்த எண்ணை அழைத்துக் கொம்பவுன் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையா?

இதை இனச் சண்டையாக ஆக்காதீர்கள். மலாய்க்காரர் வீட்டுக் கெண்டூரிக்கும் சீனர் வீட்டு இறப்புக்கும் இதே போல் அட்டை கட்டுகிறார்கள். காகிதத்தில் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். மன்றத்தில் யாரைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று தெரிந்தவரின் அட்டை தப்பிக்கிறது. யாரையும் தெரியாத ஏழையின் அட்டை குப்பை லாரிக்குப் போகிறது. நம்மில் பலர் அந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறோம்.

"இப்போதுதான் கைப்பேசியே வழி காட்டுகிறதே, அட்டை எதற்கு?" என்று கேட்கலாம். அது தாமான் வாசல் வரை கொண்டுவந்து விடும். எட்டில் எந்தக் கட்டடம் என்று எழுபது வயதுப் பாட்டிக்கு யார் காட்டுவது?

மொழியைப் பற்றியும் தெளிவு வேண்டும். மலாய் மொழி இடம்பெற வேண்டும் என்று விளம்பர விதிகள் கேட்கின்றன. அதில் நமக்குச் சண்டையில்லை. ஒரு வரி மலாயில் எழுதுங்கள், அதன் கீழே தமிழிலும் எழுதுங்கள். அதிகாரப்பூர்வ நோக்கத்திற்கு அல்லாமல் வேறு மொழியைப் பயன்படுத்துவதை யாருக்கும் தடை செய்யக் கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ் இருக்கிறது என்பதற்காக மட்டும் அட்டையைக் கழற்றுவதாக யாராவது சொன்னால், "எந்தத் துணைச்சட்டம், எந்த விதி?" என்று மரியாதையாகக் கேளுங்கள். துணைச்சட்டம் மாநில அரசின் ஒப்புதல் பெற்று அரசாங்கப் பதிவேட்டில் வெளியானால்தான் செல்லும். அதிகாரி வாய்மொழியாகச் சொல்வதெல்லாம் சட்டமாகிவிடாது.

கொம்பவுன் வந்தால் பயப்படாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. வழக்குக்குப் போகாமல் முடித்துக்கொள்ள மன்றம் கொடுக்கும் வாய்ப்பு. தவணை முடிவதற்குள் இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்துக் குறைக்கவோ ரத்து செய்யவோ எழுத்து மூலம் கேளுங்கள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அந்த லாரி ஓட்டுநருக்கு அப்படித்தான் செய்தோம். கொம்பவுன் ரத்தானது. அந்தத் தங்கை பார்க்காமல் போன முகத்தை மட்டும் எந்தக் கடிதத்தாலும் திருப்பித் தர முடியவில்லை.

நம் கோரிக்கை பெரியதல்ல. இறப்புக்கும் குடும்ப விசேஷங்களுக்கும் சில சிறிய வழிகாட்டி அட்டைகளை மூன்று நாட்களுக்குக் கட்டணமும் டெபாசிட்டும் இல்லாமல் அனுமதியுங்கள். இறப்பு என்றால் ஒரு தொலைபேசித் தகவலே போதும் என்று விதியை மாற்றுங்கள். விதிகளைத் தமிழிலும் முகப்பிடத்தில் வையுங்கள். கழற்றாவிட்டால் அபராதம் போடுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

இதை யாரிடம் கேட்பது? 1965ஆம் ஆண்டில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று ஒவ்வொரு மன்றத்திலும் 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. நம் வாக்கு இல்லாமலேயே அந்த நாற்காலி கிடைக்கிறது. அதனால் நம் குரல் அவர்கள் காதில் விழாமல் இருக்கலாம். ஆனால் மன்றக் கூட்டம், மன்றமே வேறு தீர்மானம் போட்டாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது 23ஆவது பிரிவு. நம் பெயரில் நியமனம் பெற்றவர்கள் அங்கே வாய் திறக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். ஓர் அடுக்குமாடியிலிருந்து பத்துப் பேர் போய் உட்கார்ந்தாலே போதும்.

சாவு வீட்டுக்கு வழி காட்டும் ஓர் அட்டைக்குக்கூட நாம் வாய் திறக்கவில்லை என்றால், நாளை கோயில் நிலத்திற்கும் பள்ளி நிலத்திற்கும் எப்படிக் கேட்கப் போகிறோம்?