வஞ்சனையைக் காட்டும் கூடத்தில் வாய்மைக்கு இடம் வேண்டும்

பகைவனின் கண்ணை மறைத்து, கருத்தைத் திசைதிருப்பி, குறைந்த உயிர்ச்சேதத்தில் வெற்றி கொள்வதை போர்நூல்கள் பலவும் ஏற்றுள்ளன. திருக்குறள் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. அண்மை ஆண்டுகளில் அருங்காட்சியகங்களும் இத்துறையில் நாட்டம் கொண்டுள்ளன. இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், ஒற்றும் பொய்யும் ஏமாற்றும் பற்றிய கண்காட்சியை 2023-இல் திறந்து அடுத்த ஆண்டு வரை நடத்தியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் தேசிய இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம், அமெரிக்கப் 'பேய்ப்படை'க்குத் தனிக் கண்காட்சி அமைத்தது. இத்தகைய கூடங்களை இனி வகுப்போர் ஒன்றை மறத்தலாகாது. ஏமாற்றியவரின் திறமைக்கு வைக்கும் விளக்கை, அதற்கு விலை கொடுத்தவர்மீதும் திருப்ப வேண்டும்.

பேய்ப்படையின் கதை எவரையும் ஈர்க்கும். 1944-இல் அமைக்கப்பட்ட அப்படையில் இருந்தோர் ஏறத்தாழ 1,100 பேர். ஓவியரும் ஒலி வல்லுநரும் அவர்களுள் பலர். காற்றடைத்த ரப்பர் டாங்கிகளை வயலில் நிறுத்துவர். மெய்யான டாங்கி வந்துபோன தடம் வேண்டுமே என்று புல்டோசரால் மண்ணைக் கீறி வைப்பர். பதிவு செய்த எஞ்சின் இரைச்சலை ஒலிபெருக்கியில் விடுவர். அது 24 கிலோமீட்டர் வரை கேட்கும். 1945 மார்ச்சில் இரைன் ஆற்றங்கரையில் இரண்டு முழுப் படைப்பிரிவுகளாகத் தோன்றிப் பகைவரைத் திகைக்க வைத்தனர். பொய்ப்படையைக் காட்டிப் பகைவரின் குண்டுகளைத் தம்பால் இழுத்துக்கொண்ட அப்பணியில் மூவர் மாண்டனர். பல்லாண்டுகள் மறைபொருளாக இருந்த அத்தொண்டுக்கு, 2024-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப்பதக்கம் கிடைத்தது. பிறர் உயிரைக் காக்கத் தம்மை இலக்காக்கிக் கொண்டோரைப் போற்றுவதில் தவறேதும் இல்லை.

எல்லாச் சூழ்ச்சியும் அத்துணைத் தூயதன்று. 1943 ஏப்ரலில் எசுப்பானியாவின் உயெல்வாக் கடற்கரையருகே 'மேஜர் வில்லியம் மார்ட்டின்' என்ற பெயர் தாங்கிய பிணம் மிதந்து வந்தது. காதலியின் புகைப்படம், அவள் எழுதியதாக இரண்டு மடல்கள், மோதிரம் வாங்கிய ரசீது, நாடகச் சீட்டின் கிழிபட்ட பாதிகள், கணக்கில் கடன் மிகுந்துவிட்டதென்று கண்டிக்கும் வங்கிக் கடிதம் ஆகியன அதனிடம் இருந்தன. இத்தனையும் பிரித்தானிய ஒற்றுத்துறையினர் திட்டமிட்டுச் சேர்த்து வைத்தவை. உடன்வந்த கள்ள ஆவணங்களை நம்பிய ஜெர்மானியர் கிரேக்கத்தையும் சார்டீனியாவையும் வலுப்படுத்த, நேசப்படைகள் சூலை 10 அன்று சிசிலியில் இறங்கின. மேஜராகப் புனையப்பட்டவரோ கிளிந்தூர் மைக்கேல் என்னும் வேல்சு நாட்டு வறியவர். எலிநஞ்சு உட்கொண்டு அவ்வாண்டு சனவரியில் இலண்டனில் மாண்டவர். இறந்தவரிடம் இசைவு கேட்க வழியில்லை. அவர் பெயர் 1990-களில்தான் வெளிவந்து கல்லறையில் பொறிக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டியில் காதல் மடல்களை அடுக்குவோர், அவர் வாழ்வுக்கும் ஒரு சுவரை ஒதுக்குவது கடன்.

இதனினும் கடிய வினா 1944 சூன் மாதத்தில் எழுந்தது. இலண்டன்மீது வி-1 பறக்கும் குண்டுகள் விழத் தொடங்கின. பிரித்தானியரின் கைக்குள் இருந்த ஜெர்மானிய ஒற்றர் வழியே, விழுந்த இடங்களைப் பற்றிப் பொய்ச்செய்தி அனுப்பினால் குண்டுகள் மாநகரின் நடுப்பகுதியை எட்டாமல் விழும். அவ்வாறாயின் அவை தென்புறத்துக் குடிகளின் தலையில் விழும். உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் எர்பர்ட் மாரிசன் இதனை எதிர்த்தார். எவர் சாவது, எவர் பிழைப்பது என்பதை அரசே வகுக்கலாமா? விடையை எழுதி ஒட்டாமல், காண்போர்முன் அவ்வினாவை வைப்பதே அருங்காட்சியகத்தின் பணி.

சட்டமும் ஒரு கோடு கிழித்துள்ளது. 1907-ஆம் ஆண்டின் ஏகு உடன்படிக்கை போர்த்தந்திரங்களை ஏற்றது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதற்கூடுதல் நெறிமுறை, உருமறைப்பையும் பொய்த்தோற்றத்தையும் ஒப்பி, சட்டம் தரும் பாதுகாப்பை நம்ப வைத்துக் கொல்வதைத் தடுத்தது. சரணடைவதுபோல் நடித்துச் சுடுவது அத்தகையது. தமிழர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. திருநீறு பூசிச் சுவடிக்கட்டில் வாளை மறைத்து மெய்ப்பொருள் நாயனாரைக் குத்திய முத்தநாதனை நம் மரபு வீரனென்று கொண்டாடவில்லை.

அக்கோட்டுக்கு அப்பால் நிகழ்ந்த கொடுமைகளைப் பேய்ப்படையின் பக்கத்தில் வேடிக்கைபோல் வைப்பது பிழை. 1939 ஆகஸ்டு 31 அன்று கிளைவிட்சு வானொலி நிலையத்தைப் போலந்தினர் தாக்கியதாக நாசிகள் நாடகமாடினர். முந்தின நாள் பிடித்து வைத்த பிரான்சிசெக் ஓனியோக்கைக் கொன்று 'சான்றாக'க் கிடத்தினர். 1944 சூன் 23 அன்று நாசிகள் யூதரை அடைத்து வைத்திருந்த தெரேசியன்சுடாட் முகாமைச் செஞ்சிலுவைக் குழு காண வந்தது. வருமுன் சுவர்களுக்கு வண்ணம் பூசப்பட்டது, தோட்டங்கள் போடப்பட்டன, இடநெருக்கடியை மறைக்க ஏறத்தாழ 7,500 பேர் ஆஷ்விட்சுக் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். முன்னது படையெடுப்புக்குச் சாக்கு. பின்னது இனக்கொலைக்குத் திரை. இவற்றுக்குத் தனி அறையும் தனி மொழியும் தேவை.

காட்டுவோரும் ஏமாறக்கூடாது. 1942 எல் அலமைன் போரில் டாங்கிகளுக்கு லாரி வேடமிட்டும் பொய்யான குழாய்த்தொடரை நீளப் பதித்தும் ரொம்மலின் படையை மயக்கியவர்கள், ஜெஃப்ரி பார்க்காசின் உருமறைப்புக் குழுவினர். புகழோ பெரும்பாலும் மேடை மாயவித்தைக்காரர் ஜாஸ்பர் மாஸ்கலினைச் சேர்ந்தது. அலெக்சாந்திரியா துறைமுகத்தையே மறைத்ததாக அவர் பெயரில் வந்த நினைவுநூல் கூறிற்று; ஆவணங்களில் அதற்கு வலுவான சான்றில்லை என ஆய்வாளர் காட்டியுள்ளனர். பொய்யைத் தொழிலாகக் கொண்டோர் தம் வரலாற்றை எழுதும்போது ஐயத்தோடு படித்தல் நன்று. மெய்ப்பிக்கப்பட்டது எது, பின்னர் மிகைப்பட்டது எது என்பதை விளக்கக் குறிப்புகளே பிரித்துரைக்க வேண்டும்.

பொய்க்காணொளி நொடியில் உலகைச் சுற்றும் இக்காலத்தில் இளைஞர்கள் இக்கூடங்களுக்குத் திரளாக வருவர். தந்திரத்தை வியப்பதற்கு மட்டும் அவர்களைப் பழக்கினால், வென்றவன் சொல்லும் எந்தப் பொய்யும் அறமே என்ற பாடத்தோடு திரும்புவர். அரசுகளுக்கும் இதில் பங்குண்டு. போர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரே பல ஆவணங்கள் வெளிவந்தன. அதற்குள் சான்று சொல்லத் தக்கோர் பலர் மறைந்தனர். மறைக்க வேண்டிய காலம் கடந்த கோப்புகளைத் திறந்துவிடுவதே, வஞ்சனையால் வென்ற அரசு தன் குடிகளுக்கும் பகைவர்க்கும் செலுத்த வேண்டிய கடன். அக்கடனைத் தீர்க்குமாறு கேட்கும் துணிவு அருங்காட்சியகங்களுக்கு வேண்டும்.