அந்தப் பதிமூன்று பேர் யார்?

2022 நவம்பரில் பொதுத்தேர்தல் முடிந்து, யார் ஆட்சி அமைப்பது என்று இழுபறியாக இருந்த சில நாள்கள். கைத்தொலைபேசி வைத்திருக்கும் நம் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பார்கள். டிக்டாக்கில் யார் யாரோ தோன்றி, "மே 13 மறுபடியும் வரும்" என்று மிரட்டினார்கள். போலீஸ் எச்சரிக்கை விட்டது. பேச்சும் அடங்கியது. ஆனால், செம்பனைத் தோட்டத்துப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்து, "ஏன் தாத்தா, மே 13-ன்னா என்ன?" என்று கேட்டால், சரியாகப் பதில் சொல்ல எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறது? மிரட்டுவதற்கு அந்தத் தேதி எல்லாருக்கும் தெரிகிறது. நடந்தது என்ன என்பதுதான் தெரியவில்லை. இந்த வாரம் அதைக் கொஞ்சம் பேசுவோம்.

1969 மே 10-ஆம் நாள் தேர்தல். ஆண்டுகொண்டிருந்த கூட்டணி ஜெயித்தது என்றாலும் அடி பலமாக விழுந்தது. சிலாங்கூர் சட்டமன்றத்தில் ஆளும் தரப்புக்கு 14, மற்றவர்களுக்கு 14 என்று சரிபாதியாக நின்றது. எதிர்க்கட்சிக்காரர்கள் கோலாலம்பூரில் ஊர்வலம் போனார்கள். பதில் ஊர்வலம் போக மே 13 மாலை கம்போங் பாருவில், மந்திரி புசார் ஹருண் இட்ரிஸ் வீட்டு முன்னால் கூட்டம் சேர்ந்தது. அங்கேதான் வெட்டுக்குத்து மூண்டது. அன்றிரவே ஊரடங்கு. மே 15-இல் அவசரகாலப் பிரகடனம். நாடாளுமன்றம் மறுபடி கூடியது 1971 பிப்ரவரியில்தான். இடையில் நாட்டை நடத்தியது துன் அப்துல் ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றம்.

அந்த மன்றம் 1969 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாண்டவர்கள் 196 பேர் என்றது. சீனர் 143, மலாய்க்காரர் 25, இந்தியர் 13, மற்றவர்கள் 15. வீடிழந்தவர்கள் ஏறக்குறைய 6,000 பேர். வெளிநாட்டுத் தூதரகத்தாரும் செய்தியாளர்களும் சாவு 600 வரை இருக்கும் என்றார்கள். அன்று தொடங்கிய வழக்கு இன்றும் தீரவில்லை.

கூடவா குறைவா என்பது மட்டுமே பிரச்னை என்று நான் நினைக்கவில்லை. அந்த அறிக்கை தருவது இனவாரியான எண்ணிக்கை, பெயர் அல்ல. பதிமூன்று இந்தியர் என்கிறார்களே, அவர்கள் யார்? எந்த ஊர்? என்ன வேலை பார்த்தார்கள்? வீட்டில் யார் காத்திருந்தார்கள்? சுங்கை பூலோ தொழுநோய் மருத்துவமனைப் பக்கம் மே 13-இல் மாண்டவர்களின் கல்லறைகள் நூறுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் சீனர்கள். அவர்கள் குடும்பத்தார் இப்போது ஆண்டுதோறும் அங்கே போய் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். கல்லறையை அகற்றும் பேச்சு வந்தபோது கூடாது என்று நின்றவர்களும் அவர்களே. நம்மவர் பதிமூன்று பேரைக் கேட்டு நின்ற தமிழ்ச் சங்கம் எது?

இன்னொன்று. மே மாதத்தோடு கதை முடியவில்லை. ஜூன் 28-ஆம் நாள் செந்தூலில் மறுபடியும் இரத்தம் சிந்தியது. அப்போது தாக்கப்பட்டவர்கள் இந்தியர்கள். ரயில்வே பட்டறையும் தொழிலாளர் வீடுகளும் நிறைந்த இடம் செந்தூல். மே 13-ஐ 'மலாய்க்காரர் - சீனர் சண்டை' என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கிறவர்கள் ஜூன் 28-ஐச் சொல்வதே இல்லை.

தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள், ஞாபகம் வேறு மாதிரி இருக்கும். பெரியவர்கள் கலவரத்தைப் பற்றி இரண்டு வார்த்தைதான் சொல்வார்கள். "டவுன்லதான் சண்டை. இங்க அரிசி வராம கஷ்டப்பட்டோம்" என்பார்கள். அடுத்த வார்த்தை, "அந்த வருசந்தான்யா பெர்மிட்டு" என்று வரும். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் இல்லாமல் பெரட்டில் பெயர் கூப்பிட மாட்டார்கள் என்ற நிலை வந்தது. பால்மரத்திலே முப்பது வருசம் கத்தி பிடித்தவன் அந்நியன் ஆனான். ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்பது கணக்கு. புருசன் ரஜூலா கப்பலில் போக, பெண்டாட்டி பிள்ளைகள் லயத்திலேயே நின்றுவிட்ட வீடுகளும் உண்டு.

கலவரம் நடந்ததால்தான் பெர்மிட் சட்டம் வந்தது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. சட்டம் 1968-லேயே வந்துவிட்டது. கலவரத்துக்குப் பிறகு அதைக் கடுமையாகச் செயல்படுத்தினார்கள். பிரஜா உரிமைக்கு மனுச் செய்யாமல் விட்டது நம் சோம்பல் என்று பழி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவன், எழுதப் படிக்கத் தெரியாதவன், ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் போகிறவன் எந்த ஆபீசுக்குப் போய் எந்த பாரத்தை நிரப்பியிருப்பான்?

கலவரத்துக்கு யார் காரணம் என்பதிலும் ஒரு வழக்கு இருக்கிறது. எதிர்க்கட்சியின் தூண்டுதல், கம்யூனிஸ்டுகள், குண்டர் கும்பல்கள் என்று அரசாங்க அறிக்கை சொன்னது. 2007-இல் குவா கியா சூங் என்பவர் லண்டனில் திறந்துவிடப்பட்ட பிரிட்டிஷ் கோப்புகளைப் படித்து ஒரு நூல் எழுதினார். துங்குவை இறக்குவதற்காக ஆளும் வர்க்கத்தில் ஒரு பிரிவு போட்ட திட்டம் அது என்பது அவர் வாதம். எல்லாவற்றையும் ஒரு சதியில் அடக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தேர்தல் தோல்வியின் கோபமும், கம்பத்து ஏழ்மையும், தெருவில் கேட்ட ஏச்சுப் பேச்சும் பொய்யல்ல. ஆனால் அவர் சொல்வது தவறு என்றால், அதைக் காட்டுவதற்கு நம் நாட்டுக் கோப்புகளைத் திறந்தால் போதுமே! எத்தனையோ முறை கேட்டும் அவை முழுதாகத் திறக்கப்படவில்லை. நம்மூர்ச் சாவைப் பற்றி லண்டனில் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆட்சி ஆட்டம் கண்டால் கலவரம் வரும் என்கிற பயமுறுத்தலும் நிற்கவில்லை. 2008-இல் ஐந்து மாநிலங்களில் எதிர்க்கட்சி ஆட்சி அமைந்தது. 2018-இல் மத்திய ஆட்சியே மாறியது. மறுநாள் காலையில் வழக்கம்போல் பெரட்டுக்குப் போனோம்.

கலவரம் நிழலாக வந்து நம்மவர்மேலேயே விழுந்தது 2001 மார்ச்சில், கம்போங் மேடானில். பழைய கிள்ளான் சாலையோரக் குடியிருப்புகள் அவை. தோட்டம் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்துவிட்டு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே நிறைய இருந்தார்கள். ஒரு கல்யாண வீட்டுக்கும் ஒரு சாவு வீட்டுக்கும் இடையில் வந்த சச்சரவில் தொடங்கியது என்றார்கள். மாண்டவர்கள் 6 பேர். ஐந்து பேர் இந்தியர்கள், ஒருவர் இந்தோனேசியர். வெட்டுப்பட்டவர்கள் ஏராளம்.

இது இனக்கலவரம் அல்ல, வறுமையும் புறம்போக்கு வாழ்க்கையும்தான் காரணம் என்றது அரசாங்கம். வறுமை உண்மை. ஆனால் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழிமறித்து வெட்டினார்கள், நாங்கள் எந்தச் சண்டைக்கும் போகவில்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்களே! ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொண்டால் 'மோதல்'. ஒருவனைத் தேடிப்போய் வெட்டினால் அதற்குப் பெயர் வேறு. எந்தச் சொல் சரி என்று தீர்மானிக்கத்தான் பொது விசாரணை கேட்டார்கள். மனித உரிமை ஆணையமான சுஹாகாம் விசாரணை நடத்தவில்லை. கோர்ட்டுக்குப் போயும் பலிக்கவில்லை. 2006-இல் 'மார்ச் 8' என்ற தமிழ் நூல் வந்தது. அதை உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு தடை செய்தது.

மாண்ட அந்த இந்தோனேசியரையும் நாம் மறந்துவிடக் கூடாது. இன்று பெரட்டில் நம் பக்கத்தில் நிற்பவர் அவர் ஊர்க்காரர்தான். அதேபோல 1969-இல் மலாய்க்கார வீட்டில் ஒளிந்து உயிர் பிழைத்த சீனரும் இந்தியரும் உண்டு. சீனர் கடைக்குள் பதுங்கிய மலாய்க்காரரும் உண்டு. எந்த அறிக்கையிலும் அவர்களுக்கு ஓர் எண் கிடையாது.

1969-இல் இருபது வயதானவர்களுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய சிவப்புக் கார்டு, பெர்மிட் தாள், கப்பல் டிக்கெட் எதுவும் கிடந்தால் தீபாவளிக்கு வீடு கூட்டும்போது எறிந்துவிடாதீர்கள். செந்தூலிலோ கோலாலம்பூரிலோ அந்த வருசம் போய்த் திரும்பாத உறவுக்காரர் யாராவது இருந்தால், பெயரையும் ஊரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.