சுவர்களும் உண்ணவேண்டிய நாள்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் செலவுக் கணக்குத் தொடங்கிவிடுகிறது. புத்தாடை, பலகாரம், விண்மீன் விளக்கு எனப் பட்டியல் நீளும். வட்டிக்கு வாங்கியேனும் ஊரார்முன் குறைவின்றிக் கொண்டாடவேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மறுபுறம், பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்க இயலாமையால் நடுநிசித் திருப்பலிக்கே வராமல் கதவடைத்துப் படுத்துவிடும் குடும்பங்களும் உண்டு. துணியில் பொதிந்து முன்னணையில் கிடத்தப்பட்ட பாலனைக் காண, துணி இல்லாமையே தடையாகிவிடுகிறதே!

இதனால் விருந்தே கூடாது என்று கூற நாம் முன்வரவில்லை. குடில் பக்தியைப் பரப்பிய அசிசி நகர்ப் புனித பிரான்சிசே அவ்வாறு கூறவில்லை. 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் அவர் அமைத்த குடிலில் இருந்தவை ஒரு முன்னணை, வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை. மக்கள் தீப்பந்தங்கள் ஏந்தி வந்தனர். முன்னணையின்மேல் திருப்பலி நிகழ்ந்தது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். மின்விளக்குச் சரமின்றியே அவ்விரவு பகல்போல் விளங்கிற்று!

ஏழ்மையை மணந்தவர் எனப் போற்றப்படும் அவரே இத்திருநாளில் மட்டும் தாராளத்தை வற்புறுத்தினார். அவரது வரலாற்றை எழுதிய செலானோ தோமா கூறும் செய்தி சுவையானது. ஒருமுறை பெருவிழா வெள்ளிக்கிழமையில் வந்தது. இறைச்சி உண்ணலாகாதே என்று சகோதரர் ஒருவர் தயங்கினார். பிரான்சிசோ, இன்று சுவர்களும் இறைச்சி உண்ணவேண்டும், இயலாவிடில் அவற்றின்மேல் பூசவாவது வேண்டும் என்றாராம்! அன்று செல்வர் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்க வேண்டும். எருதுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட மிகுதியாகத் தீவனம் இடவேண்டும். வானம்பாடிகளுக்கென வழியெங்கும் தானியம் தூவுமாறு பேரரசனே ஆணையிட வேண்டும் என்றும் விரும்பினார்.

கவனியுங்கள்: அவர் கேட்ட மிகுதியில் தமக்கென ஒரு பிடியும் இல்லை. வீட்டுக்குள் வந்து சேர்ந்ததைக் கொண்டு நாம் செழிப்பை அளக்கிறோம். அவரோ வாசலைத் தாண்டிச் சென்றதைக் கொண்டு அளந்தார்.

ஆகவே, அன்பர்களே, இவ்வாண்டு துணிக்கடைக்குப் புறப்படுமுன், நம் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் துணி எடுக்கவில்லை என்று விசாரிப்போம். அதையும் பெருவிழாவுக்குச் சில நாள் முன்னரே கொடுத்துவிடுவோம்; மறுநாள் தரும் ஆடை நடுநிசிக்கு உதவாது. கோவிலில் பெயர் வாசித்துக் கொடுக்கும் வழக்கமும் வேண்டா. ஓசையின்றிப் பெற்றோர் கையில் சேர்த்துவிட்டால், பிள்ளைக்கு அது தன் தகப்பன் எடுத்துத் தந்த சட்டை.